மாலை போட்ட போட்டோவில் இருப்பவன் எழுதுவது

மகனே, செத்துப்போன உன் அப்பன் எழுதுகிறேன். பயப்படாதே, சௌக்கியமாகத்தான் இருக்கிறேன். சொர்க்கத்தில் காலையில் சூடாக இட்லி, செத்த நேரம் கழித்து ஒரு காபி, கேட்காமலே பால்கோவா. சொர்க்கம் என்றால் ஸ்ரீவில்லிபுத்தூரில் உன் அத்தை வீடு. நீ உன் அம்மாவிடம் போனில் சொன்னபடி, நேற்றே ஒரு பையில் வேட்டி சட்டையையும் மாத்திரை டப்பாவையும் போட்டுக்கொண்டு ராஜபாளையத்தில் பஸ் ஏறி இங்கே வந்து இறங்கிவிட்டேன். இந்நேரம் நம் வீட்டில் சென்னைக் கேமராக்காரர்கள் லைட்டை மாட்டி, சுவரில் தொங்கும் என் போட்டோவைப் படம் பிடித்துக்கொண்டிருப்பார்கள். நீ பக்கத்தில் கிட்டாரோடு உட்கார்ந்து, இல்லாத அப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பாய். இருக்கிற அப்பாவோ இங்கே இருப்புக் கொள்ளாமல் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். "ஏலே, முட்டையிட எடம் தேடுத கோழி கணக்கா ஏன்லே சுத்திக்கிட்டே இருக்க? ஒரு எடத்துல உக்காரு" என்று உன் அத்தை வைதாள். உட்கார்ந்தால் கை சும்மா இருக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். எட்டாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுத்து எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். அத்தை பேத்தி கார்த்திகா பிழையைத் திருத்தி, போட்டோ பிடித்து உன் போனுக்கு அனுப்புவாள். உனக்கு மட்டும்தான் என்று ஒளித்து வைக்காதே. உன் பாட்டைக் கேட்டு எனக்காக அழுதவர்கள் எல்லாரும் படிக்கட்டும். அவர்களுக்கு நான் ஒரு வணக்கமாவது போட வேண்டாமா?

இந்தச் சாவை ஆரம்பித்து வைத்தது உன் அப்பனுடைய வால்தனம்தான். அதை நான் மறுக்கவில்லை. நான் மில்லில் ரிட்டயர் ஆனபோது கூட வேலை பார்த்தவர்கள் ஒரு போட்டோ எடுத்து, ஃப்ரேம் போட்டுக் கொடுத்தார்கள். பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பேன். முந்தின ஆடிப்பூரத்துக்குத் தேர் பார்க்க அத்தை வீட்டுக்கு வந்திருந்தேன் இல்லையா, அன்றைக்குக் கோயிலில் தெரிந்தவர் ஒருவர் ஆண்டாளுக்குச் சாத்திய மாலை ஒன்றைக் கொடுத்தார். பஸ்ஸில் கசங்காமல் மடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நம் வீட்டுச் சாமி படமோ உள்ளங்கை அகலம், மாலையோ ஆள் உயரம். தரையிலும் வைக்கக் கூடாது. கையில் மாலையோடு சுற்றிப் பார்த்தேன். ஆணியில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். போட்டுவிட்டேன். அந்த நேரம் பார்த்து உன் அம்மா காய்கறிப் பையோடு உள்ளே வந்தாள். "அய்யய்யோ! என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீய? கிறுக்கு எதும் பிடிச்சிருக்கா?" என்று போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ராஜு குடும்பம் தெலுங்கில் ஏதோ கேட்டுக்கொண்டே ஓடிவந்தது. நான் அசரவில்லை. "எப்பிடி இருக்கேன்னு சொல்லு. நீதான் எனக்கு ஒருநாளும் மாலை போட்டதில்ல" என்றேன். "கல்யாணத்துல போட்டேன்லா, அதுக்குத்தான் இம்புட்டு அனுபவிக்கேன்" என்றாள். நீ லீவுக்கு வந்திருந்தாய். தரையில் உருண்டு உருண்டு சிரித்தாய். அம்மா மாலையைப் பிடுங்கி எறிவதற்கு முன்னால் உன் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டாய். பொறவு அவள் உப்பும் மிளகாயும் சுற்றி என்னைத் தெருவில் நிற்கவைத்ததும் உனக்கு ஞாபகம் இருக்கும்.

அந்தப் படத்தைத்தான் உன் புது ஆல்பத்துக்கு அட்டையாக வைத்தாய். 'செவுத்து ஆணி' என்று பெயரும் வைத்தாய். "அப்பா, இந்தத் தடவ உங்க மூஞ்சிதான் அட்ட" என்று நீ போனில் சொன்னபோது, "அப்ப ஒண்ணுகூட விக்காது" என்றேன். இந்தக் காலத்தில் அட்டை என்பது போனில் தெரிகிற ஒரு சின்னக் கட்டம், யாரும் எதையும் கையில் வாங்குவதில்லை என்றெல்லாம் நீ விளக்கினாய். எனக்கு அது பாதி புரிந்தது. முந்தின ஆல்பத்தில் உனக்குப் பட்ட அடி மட்டும் எனக்கு முழுசாகப் புரியும். அதைப் பற்றி யாரோ ஒருத்தன் ரெண்டே வரி எழுதியிருந்தான், மாடிப்படியில் பாத்திரம் உருண்ட மாதிரி இருக்கிறது என்று. அதை வைத்து நானும் உன்னைக் கேலி செய்தேன். அந்தப் பொங்கலுக்கு நீ வீட்டில் இருந்த நாளெல்லாம் கிட்டார் உறையின் ஜிப் திறக்கவே இல்லை. அதனால் இந்த ஆல்பத்தை ஊரே புகழ்கிறது என்று கார்த்திகா சொன்னபோது, வெளியே காட்டிக்கொள்ளாவிட்டாலும், டீக்கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் வடை வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டவர்களுக்கு "சும்மாதான்" என்றேன்.

புகழ்ச்சி என்ன என்று அவள் ஒவ்வொன்றாகப் படித்துத் தமிழில் சொன்ன பிறகுதான் வடை தொண்டையில் நின்றது. முதலில் ஒரு இங்கிலீஷ் பத்திரிகை, அதுவும் நெட்டில் மட்டும் வருவது. "மறைந்த தந்தையின் மௌனம் ஒவ்வொரு கம்பியிலும் அதிர்கிறது" என்று எழுதியிருக்கிறான். என் மௌனமாம்! சினிமாக் கொட்டகையில் படம் ஓடும்போதே பேசி அடி வாங்கப் பார்த்தவன் நான். அட்டையைப் பார்த்திருக்கிறான், மாலையைப் பார்த்திருக்கிறான், ஆளை எரித்துவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. மாலை போட்ட போட்டோவைப் பார்த்தால் நம் ஊரில் பால்குடிக்கிற பிள்ளைகூட அப்படித்தான் நினைக்கும். அவன் எழுதியதைப் பார்த்து அடுத்தவன், அவனைப் பார்த்து இன்னொருத்தன். தாடி வைத்த ஒருத்தன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வீடியோவில் கண்ணைத் துடைத்தான். நான் நிஜமாகவே போனாலும் உன் தாய்மாமன் அப்படி அழமாட்டான். அன்றைக்கு நீயும் சிரித்துக்கொண்டேதான் போன் போட்டாய். "அப்பா, உங்களக் கொன்னுட்டானுகப்பா." "நல்லதாப் போச்சு, காரியத்துக்கு லீவு போட்டு வந்துரு" என்றேன். நாளைக்கே எழுதிச் சொல்லிவிடுகிறேன் என்றாய். அந்த நாளைக்கு வரவில்லை. அதற்குள் வேறொரு விமர்சனம் வந்துவிட்டது. பாராட்டிக்கொண்டே வந்து கடைசியில், "இந்த இழப்பு மட்டும் இல்லையென்றால் இது இன்னொரு ராக் ஆல்பம், அவ்வளவுதான்" என்று முடித்திருந்தான். அதைப் படித்த பிறகு நீ போனில் சிரிக்கவில்லை. பேச்சும் குறைந்துவிட்டது. நான் உயிரோடு இருப்பது உன் பாட்டுக்கு ஆகாது என்று உன் மண்டைக்குள் புகுந்துவிட்டது. எனக்கு அது அப்போதே தெரியும். தெரிந்தும் கேலி பேசிக்கொண்டே இருந்தேன்.

மம்சாபுரம் குருசாமி வந்த கதையை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். என்னோடு மில்லில் ஒரே ஷிப்ட் பார்த்தவன், உனக்கு மொட்டை போட்டபோது மடியில் வைத்திருந்தவன். அவன் பேரன் போனில் என் போட்டோவைக் காட்டியிருக்கிறான். மனுஷன் யாரிடமும் கேட்காமல் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டான். தெருமுனையிலேயே வாயைப் பொத்தி அழுகையை ஆரம்பித்து, அப்படியே நம் வாசல்வரை வந்தான். நான் வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "போயிட்டானே மாப்ள, சொல்லாமப் போயிட்டானே" என்றான். "யாருலே போனது?" என்றேன். அப்போதுதான் முகத்தைப் பார்த்தான். பம்பு கீழே விழுந்தது, அவனும் விழப் பார்த்தான். உன் அம்மா தண்ணீர் தெளித்து, காபி கொடுத்து உட்காரவைத்தாள். கொஞ்சம் தெளிந்ததும் அவனுக்கு வந்த சந்தேகத்தைக் கேள். "ஏம்மா, துஷ்டிக்குன்னு கெளம்பி வந்துட்டேன். இப்பம் வீட்டுக்குப் போயிக் குளிக்கணுமா, வேண்டாமா?" உன் அம்மா, "எதுக்கும் குளிச்சிருங்கண்ணே, இவிய கூட அம்புட்டு நேரம் உக்காந்திருக்கீயள்லா" என்றாள். போகும்போது வாசல் தாண்டியவன் சாவு வீட்டுப் பழக்கத்தில் வாரேன் என்று சொல்லாமலே நடந்துவிட்டான். பின்னாலேயே போய்க் கையைப் பிடித்து இழுத்து, சொல்லவைத்துத்தான் அனுப்பினேன். நான் சிரித்துக்கொண்டேதான் வீட்டுக்குள் வந்தேன். உன் அம்மா சிரிக்கவில்லை. "இது எங்க போயி நிக்கப் போகுதோ" என்றாள்.

இங்கே வந்து நின்றிருக்கிறது. ஆல்பத்தைப் பற்றிப் படமெடுக்கக் கேமராக்காரர்கள் வீட்டுக்கு வருகிறார்கள், அந்த ஆணி, அந்தப் போட்டோ, அப்பா உட்கார்ந்த நாற்காலி எல்லாம் எடுக்கவேண்டுமாம் என்று நீ அம்மாவிடம் சொன்னாய். என்னிடம் சொல்லவில்லை. "அப்பாவ ரெண்டு நாளைக்கு அத்த வீட்டுக்கு அனுப்பும்மா" என்று நீ சொன்னது, அவள் போனை ஸ்பீக்கரில் வைத்துக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்ததால், நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கும் கேட்டது. அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். உன்னை ஏச வாயெடுத்தாள். நான்தான் சைகை காட்டி அடக்கினேன். போனுக்குக் கிட்டப் போய், "சொர்க்கத்துக்கு டவுன் பஸ் போகுமாலே, இல்ல மதுர பஸ்ஸுலதான் ஏறணுமா?" என்று அதற்குள் கத்தினேன். நீ சிரிக்கவில்லை. "சாரிப்பா" என்று சொல்லி வைத்துவிட்டாய். உனக்கு நாலு பேர் நல்ல வார்த்தை சொல்ல, ரெண்டு நாள் அக்கா வீட்டில் இருப்பதில் என்ன வந்துவிட்டது என்று நினைத்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். பஸ்ஸில் வரும்போது பக்கத்தில் இருந்தவர் எந்த ஊருக்கு என்று கேட்டதற்குக்கூட, "நான் காலமாயிட்டேன், காத்து வாங்கப் போறேன்" என்று சொல்லி, அவரை வேறு சீட்டுக்கு ஓடவைத்தேன்.

இன்று காலையில்தான் எல்லாம் மாறியது. உன் பாட்டுகளில் எதையும் நான் முழுசாகக் கேட்டதில்லை. ஆரம்பத்தில் உன் குரல் வரும், செத்த நேரத்தில் அந்த கிட்டார் ஆலைச் சங்கு மாதிரி அலறும், நான் காதைப் பொத்திக்கொண்டு ஏதாவது சொல்வேன், எல்லாரும் சிரிப்பார்கள், பாட்டு நின்றுவிடும். கார்த்திகா இன்றைக்கு விடவில்லை. எல்லாரும் அழுகிற அந்தப் பாட்டைப் போட்டு, காதில் மாட்டுகிறதை என் தலையில் மாட்டி, "வாயத் தொறந்தீங்கன்னா பால்கோவா கெடையாது தாத்தா" என்றாள். கேட்டேன். கிட்டார் அலறியது, பொறுத்துக்கொண்டேன். அதற்குப் பின்னால் டிரம்ஸ் எல்லாம் நின்று நீ மட்டும் பாடுகிறாய்:

கேட்டாலும் சிரிக்கிற, கேக்காட்டியும் சிரிக்கிற,
என்ன செய்யுதுன்னு ஒருக்கா சொல்லு.

ஆணியில் சிரிக்கிற போட்டோவைப் பார்த்துப் பாடுகிறாய் என்று அத்தனை விமர்சனக்காரர்களும் எழுதியிருக்கிறார்கள். "ஏட்டி, இது போட்டோவப் பாத்துப் பாடுனது இல்ல" என்றேன். "பொறவு?" என்றாள். "போனப் பிடிச்சுக்கிட்டுப் பாடுனது." அந்தப் பிள்ளைக்கு விளங்கவில்லை. உனக்கு விளங்கும். மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்த அன்றைக்கு நீ சென்னையிலிருந்து கூப்பிட்டு, "டாக்டர் என்னப்பா சொன்னாரு?" என்று கேட்டாய். "நெஞ்சுக்குள்ள உங்கம்மா உக்காந்திருக்காளாம், அதான் வீங்கியிருக்காம்" என்றேன். மறுபடியும் கேட்டாய். "ஃபீஸு கட்டுன அதிர்ச்சியில காது கேக்கல" என்றேன். அதற்கு அடுத்த வாரமும் கேட்டாய். போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். நீ எங்கேயோ ஒரு ரூமில் உட்கார்ந்து, நான் சாகிறேனா இருக்கிறேனா என்று தெரியாமல் இந்தப் பாட்டைக் கட்டியிருக்கிறாய். செத்தவனுக்கு அழுகிற பாட்டு என்று ஊர் நினைத்துக்கொண்டது. இருக்கிறவன் சட்டையைப் பிடித்து உலுக்குகிற பாட்டு அது.

உலுக்கியது. அதனால் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். நெஞ்சில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை. இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், மாத்திரை போதும் என்றார்கள். தவறாமல் வந்து காட்டணும், கால் வீங்கினாலோ படுத்தால் மூச்சு முட்டினாலோ உடனே வரணும் என்றார்கள். இதுவரைக்கும் கால் வீங்கவில்லை. பயமாக இருக்கிறது. உன் அம்மாவிடமும் இதைச் சொல்லவில்லை, வாயு என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவ்வளவுதான். இதைச் சொல்ல இவ்வளவு நாள் ஆனது ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியவில்லை. நம் வீட்டில் யாருக்காவது கண் கலங்கினால் நான் உடனே ஏதாவது சொல்லிச் சிரிக்கவைப்பேன். அதை ஒரு கெட்டிக்காரத்தனம் என்றே நினைத்து வந்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்கிறேன், இது பாட்டைப் பற்றி. எனக்கு ராக்கும் தெரியாது, விமர்சனமும் தெரியாது. ஆனால் அவர்கள் பாராட்டியது நீ செய்ததை இல்லை என்று தெரிகிறது. செத்தவனிடம் கேட்டால் பதில் வராது. அதற்கு யாரும் அழுவார்கள், அந்தத் தாடிக்காரன்கூட. கிட்டத்தில் இருக்கிறவன் பதில் சொல்லமாட்டேன் என்கிறானே, அதைத்தானே நீ பாடியிருக்கிறாய்? அதைக் கேட்டு எத்தனை பேருக்குத் தன் அப்பன் ஞாபகம் வரும், தன் போன் ஞாபகம் வரும்! அதை நீயே மூடி, மேலே ஒரு மாலையைப் போட்டுவிட்டாய். உண்மை தெரிந்த பிறகு ஒருத்தன் "இன்னொரு ராக் ஆல்பம்" என்று எழுதினால் எழுதட்டும். பாத்திரம் உருண்ட மாதிரி என்று எழுதியவன்கூட உன் பாட்டைத்தான் திட்டினான். இப்போது வருகிற பாராட்டில் பாதி என் பாடைக்கு வந்தது. அதை வாங்கி நீ எங்கே வைப்பாய்?

இவ்வளவையும் எழுதிவிட்டு, நீ ஊருக்குத் திரும்பிப்போகும்போது படித்துக்கொள் என்று முடித்துவிடத்தான் நினைத்தேன். அதற்குள் உன் அம்மா போன் செய்தாள். குசுகுசு என்று பேசினாள். "என்னட்டி, மேல்மூச்சு வாங்குத?" என்றேன். "அடுப்படிக் கதவச் சாத்திக்கிட்டு உள்ள இருக்கேன்" என்றாள். கேமராவோடு வந்த பிள்ளை நல்ல பிள்ளையாம். "'அம்மா, அப்பாவப் பத்தி நீங்க ஒரு வார்த்த பேசணும்'னு அது கெஞ்சுது. நான் நெத்தி நெறயப் பொட்டு வச்சிருக்கேன். கழுத்துல தாலி கெடக்கு. எத மறைக்க, எதக் காட்ட? உங்க மவன் என் நெத்தியப் பாத்துட்டுத் தலயக் குனிஞ்சிட்டு நிக்கான்." "நீ என்ன சொன்ன?" "குளிச்சிட்டு வாரேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். எம்புட்டு நேரந்தான் குளிக்க?" என்று கேட்டுவிட்டு அழுதாள். எனக்கு ஒரு கேலியும் வாயில் வரவில்லை. அத்தை போனை வாங்கி அவளிடம் ஏதோ பேசினாள். நான் போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, நின்றபடியே இந்தக் கடைசிப் பாராவை எழுதுகிறேன்.

என்னை அனுப்பி வைத்ததற்கு எனக்குக் கோபம் இல்லை. நானே சிரித்துக்கொண்டுதான் வந்தேன். ஆனால் அவளை அந்தக் கதவுக்குப் பின்னால் நிற்க வைத்திருக்கிறாயே, அதை என்னால் சிரித்துக் கடக்க முடியாது. உன்னாலும் முடியாது, தலையைக் குனிந்து நின்றாய் என்று அவளே சொன்னாள். கார்த்திகா இதை அனுப்பினவுடனே நான் பஸ் ஏறுகிறேன். பஸ் வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்று உனக்குத் தெரியும். அதற்குள் அந்தக் கதவைத் தட்டி அவளை வெளியே கூப்பிடு. கேமரா ஓடட்டும். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு உன் வாயாலேயே சொல்லிவிடு. நான் வாசலில் வந்து நின்ற பிறகு சொன்னால் அது மாட்டிக்கொண்டவன் பேச்சாகிவிடும். அந்தப் பேச்சு உனக்கு வேண்டாம் என்றுதான் திடுதிப்பென்று வந்து நிற்காமல் முன்கூட்டியே எழுதுகிறேன். என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று கொஞ்சம் தடுமாறத்தான் செய்யும், தடுமாறினால் தப்பில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து நான் ஆட்டோ பிடிக்க மாட்டேன், நடந்தேதான் வருவேன். இப்போதெல்லாம் நம் தெரு ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது, நின்று நின்றுதான் ஏறுவேன். அந்த நேரத்தையும் சேர்த்து நீ எடுத்துக்கொள்.